உரிக்காமல் விட்ட கதவு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும், பக்கவாட்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த வண்டியும் ஏதோ இருக்கிறோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை நான் கையில் எடுத்தாலே ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அப்புறம் நான் எங்கே எதைப் பேசுவது. இப்போது அவர் இரும்புக்கடைக்குப் போயிருக்கிறார், நடந்து. போக அரை மணி, வர அரை மணி, அங்கே நின்று வாயாட அரை மணி, அதற்குள் எழுதி முடித்து ஒட்டிவிட வேண்டும். நடந்து போனார் என்று எழுதினேன் பார், கார் வாசலில் நிற்கும்போதே நடந்து போனார், அதை மனதில் வைத்துக்கொள், பிறகு சொல்கிறேன்.

என் காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீக்கம் வற்றிவிட்டது, செருப்பு பழையபடி நுழைகிறது. ஆனால் ரத்தக்கட்டு வந்தபோது டாக்டர் சொன்னது சொன்னதுதான், மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது, பஸ்ஸும் வேண்டாம் விமானமும் வேண்டாம். ரயிலில் வந்தாலும் இறங்கி உன் ஊருக்கு ஒரு பகல் பஸ்ஸில் உட்கார வேண்டும். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. நீயும் மூன்று தடவை வருகிறேன் என்றாய், மூன்று தடவையும் லேபில் ஆள் இல்லை என்று லீவை ரத்து செய்துவிட்டார்கள், உன்மேல் குறை சொல்லவில்லை, உன் குரல் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை நீ வரவில்லை என்றானபோதுதான் இவர் மண்டையில், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இந்தப் படுக்கை டிரெய்லர் முளைத்தது. "நாலு நாள் ரோடு. ரெண்டு மணிக்கு ஒரு தரம் ஓரங்கட்டுறேன், நீ பின்னாடி ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கோ, எழுந்து ஒரு டீ குடி, அடுத்த ரெண்டு மணி நேரம் ஓட்டுறேன்" என்றார். அங்கே வந்த பிறகும் உங்கள் ஒற்றை ரூம் வீட்டில் யாரும் எங்களுக்காகத் தரையில் படுக்க வேண்டாமாம், வாசலில் நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்வோமாம். சொல்லும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

யாரோ கழித்துப்போட்ட பழைய டிரெய்லர் அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, துருவைத் தேய்த்து, மேலே சட்டம் அடித்து, ப்ளைவுட் போட்டு, அதன்மேல் ஒட்ட ஃபைபர் ஷீட் வாங்கி வந்தார். தகரம்தானே எல்லாரும் போடுகிறார்கள் என்று கேட்டதுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அவர் ஓட்டிய பால் லாரியின் பெட்டி முழுக்க ஃபைபர்தானாம், வெயிலிலும் மழையிலும் பதினெட்டு வருஷம் கிடந்தும் துருவுக்குப் பேச்சே இல்லையாம், தகரம் இடித்தால் நசுங்கி அப்படியே இருக்கும், ஃபைபர் இடித்தால் உள்ளே போய் வெளியே வந்துவிடுமாம். ஷீட் கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை, "ஐயா, ஒழுங்கா ஒட்டுனா முப்பது வருஷம் அசையாது, உங்க பேரப்பிள்ளைங்க ஓட்டும்" என்றார். உங்கப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கு நாலு நாள் தாங்கினா போதும்ப்பா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஷீட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டி வருகிறது, கீறல் விழாமல் இருக்க. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா. ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கதவில் உறை, என் தையல் மெஷின் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் எழுத்தெல்லாம் அழிந்தும் இன்னும் இருக்கிறது, நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மிக்ஸியை அட்டைப்பெட்டியோடு வைத்திருந்ததுக்கு நீ போட்ட சண்டை நினைவிருக்கிறதா. அதே புத்திதான் இங்கேயும். ஷீட்டையெல்லாம் ஒட்டி முடித்தும் உறையை உரிக்கவில்லை. நாலு நாள் ரோட்டுத் தூசியும் கல்லும் அதன்மேல் படட்டும், உன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் நீயே உரிக்க வேண்டும், உள்ளே இருந்து புத்தம்புதுசாக வெள்ளை வெளேரென்று வண்டி வெளியே வர வேண்டும், இது அவர் திட்டம். கேட்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. ஷீட்டோடு ஒரு தடித்த தாள் வந்தது, நல்ல தாளாக இருக்கிறதே என்று வண்டிக்குள் போடும் மெத்தைக்கு உறை தைக்க அதிலேயே அளவு வெட்டிவிட்டேன். ஏழு மாதம் கழித்து மெத்தை உறை தைக்க உட்கார்ந்தபோதுதான் அந்தத் துண்டில் அச்சடித்திருந்ததைப் படித்தேன், ஒட்டிய முப்பது நாளுக்குள் உறையை உரித்துவிடவும், வெயிலில் விடக் கூடாது என்று. மீதி வாக்கியம் தலையணைக்கு அளவு வெட்டிய துண்டில் இருந்தது.

அன்றைக்கு ஓடிப்போய் நகத்தால் இழுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் வந்தது, அப்புறம் வரவில்லை. ஏழு மாத வெயில் அதை ஷீட்டோடு சமைத்து வைத்திருக்கிறது. தொட்டால் பொடிப்பொடியாக உடைகிறதே தவிர நாடாவாக உரிந்து வர மாட்டேன் என்கிறது. அப்படியே விட்டுவிடலாமே என்றால் முடியாதாம், மூலை இணைப்புகளில் சிலிக்கான் பசை வைக்க வேண்டும், உறைமேல் வைத்தால் பிடிக்காது, பிடிக்காவிட்டால் தண்ணீர் இறங்கி உள்ளே ப்ளைவுட் ஊதிப்போகும். அதனால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பட்டி பார்க்கும் பிளேடால் நெம்பி, விரல் அகலம் விரல் அகலமாக எடுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதமாக இதே வேலை. காலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் டீ கொண்டுபோனவள் நின்று பார்த்தேன், ஏற்கெனவே உரித்து முடித்த இடத்தில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். அங்கே உறையே இல்லை. ஷீட்டின் மேல்பூச்சைத்தான் சுரண்டுகிறார். வெள்ளை போய் அடியில் கண்ணாடி நார் மயிர் மயிராகத் தெரிகிறது, அப்போதும் சுரண்டுகிறார். "இது மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்குது பாரு" என்று என்னிடம் வேறு சொன்னார். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவர் கையை மடியில் வைத்து, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து அந்த நார் முள்ளையெல்லாம் பிடுங்கினேன், கை முழுக்கச் சிவந்திருந்தது.

சிலிக்கானைப் பற்றிச் சொல்ல வந்த ஷீட் கடைக்காரர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "ஐயா, ஷீட்டு நல்ல ஷீட்டு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. மேல்பூச்சு இருக்கற வரைக்கும்தான் அந்த முப்பது வருஷம். அது போயிருச்சுன்னா வெயில் நாரைத் தின்னுரும், தண்ணி உள்ள எறங்கும். இந்த இடத்துல ரெசின் பசை பூசி பெயின்ட் அடிச்சிருங்க. ஆமா, ஒண்ணும் இல்லாத இடத்தை எதுக்குச் சுரண்டுனீங்க?" என்று கேட்டார். உங்கப்பா "கை தவறிருச்சு" என்றார். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நீளத்துக்கு ஒரு கை தவறுமா. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் காலடியில் இருந்த வாளியைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் மெத்தை உறையைப் போட்டுப் பார்க்க வண்டிக்குள் ஏறினேன். தலைமாட்டில் சின்ன அலமாரி ஒன்று செய்திருக்கிறார், என் மாத்திரை டப்பா வைக்க. திறந்தால் கண்ணில் விடும் சொட்டு மருந்து இரண்டு பாட்டில், பக்கத்தில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு நாலாக மடித்து. கண்ணாடி நம்பர் மாற்றப் போகிறேன் என்று போனாரே, அது அதுக்கில்லை. கண்ணுக்குள் அழுத்தமாம், ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் நிறையக் குறைந்துவிட்டதாம், போனது திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்தாம். அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார் டாக்டர், வாகனம் ஓட்டக் கூடாது என்று. தேதியைப் பார்த்தேன். அடிச்சட்டம் வாங்கி வந்ததுக்கு ஆறு நாள் முன்னால். எல்லாம் தெரிந்துதான் ஆரம்பித்திருக்கிறார், பார்வை மீதம் இருக்கும்போதே என்னைக் கொண்டுவந்து உன்னிடம் காட்டிவிட வேண்டும் என்று. சீட்டை நாலாகவே மடித்து வைத்துவிட்டு இறங்கினேன்.

முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டி ஒரு கீறல் போடாத மனுஷன். பால் பண்ணையில் அந்தச் சந்துக்குள் அவ்வளவு பெரிய வண்டியை ஒரே மூச்சில் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார், லீவு நாளில் நீ கூடப் போய்ப் பின்னால் நின்று வரலாம் வரலாம் என்று கத்துவாய், அதனால்தானே இன்னும் உன்னைக் கிளீனர் என்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் காரில் டிரெய்லரை மாட்டித் தெருமுனை வரை இழுத்துப் பார்க்கிறேன் என்றார். நான்தான் பின்னால் நின்று வரலாம் சொன்னேன். நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தியும் வாசல் கேட் தூணில் டிரெய்லரின் இடது மூலையை இடித்துவிட்டார். இறங்கி வந்து தடவிப் பார்த்து, "பாத்தியா, தகரமா இருந்தா அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும், ஃபைபருங்கறதால ஒரு விரிசலோட போச்சு" என்று பெருமையாகச் சொன்னார். தூண் அங்கே இருபது வருஷமாக இருக்கிறது கண்ணு. அதன் பிறகு அவர் காரைத் தொடவில்லை. எங்கே போனாலும் நடைதான். கேட்டால் டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் என்கிறார், அவருக்குச் சர்க்கரையே கிடையாது. பார்வையைச் சேர்த்து வைக்கிறார் போலிருக்கிறது, அந்த நாலு நாளுக்கு. சேர்த்து வைக்கிற சாமானா அது.

நான் என்ன செய்வேன் சொல். ஓட்டக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே வந்து படுத்துவிடுவார், அப்புறம் எழவே மாட்டார் என்று பயம். சொல்லாவிட்டால் உறை முழுக்க வந்த மறுநாள் என்னை உட்கார வைத்து மெயின் ரோட்டில் ஏறிவிடுவார், ரோட்டில் நாங்கள் மட்டுமா போகிறோம். ஷீட்டையும் கையையுமாவது காப்பாற்றலாம் என்று ஒரு வேலை செய்தேன். காலையில் அவர் குளிக்கும் நேரத்தில் வண்டியை விரலால் தடவிப் பார்ப்பேன், துணி மடிப்பைத் தடவித் தடவித் தேர்ந்த விரல், உறை எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியும். உறை இருக்கிற இடத்தைச் சுற்றித் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். நீலம் அவருக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து வட்டத்துக்குள்தான் சுரண்டினார், வெளியே போகவில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை மளமளவென்று நடந்தது. இரண்டு பக்கமும் முன்புறமும் முடிந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது, நான் கோடு போட்டுப் போட்டு அந்த நாலு நாளையல்லவா கிட்டே இழுத்துக்கொண்டிருக்கிறேன். உடனே நிறுத்தினேன். மூன்று நாள் கோடு போடவில்லை. மூன்று நாளும் அவர் வெறும் ஷீட்டைச் சுரண்டினார், மூன்று நாளும் நான் முள் எடுத்தேன். தாங்காமல் மறுபடி போட்டேன், வட்டத்தைச் சின்னதாக, ஒரு நாளைக்கு ஒன்று என்று. புருஷனை ஏமாற்றுகிறோமே என்று அழுகையாக வரும், அழுதுகொண்டே போடுவேன்.

முந்தாநாள் காலையில் எனக்குத் தலைசுற்றல், எழுந்திருக்கவில்லை. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நிற்கிறார். உட்காரவில்லை, தொடவில்லை. முகத்தை ஷீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார், தள்ளி நிற்கிறார், மறுபக்கம் போய் வருகிறார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ரொம்பச் சாதாரணமாக, "இன்னைக்குக் கோடு போடலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன், இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். மிச்சம் இருப்பது பின்கதவு ஒன்றுதான். என்ன நினைத்தேனோ தெரியவில்லை, கதவைச் சுற்றி நாலு ஓரத்திலும் ஒரே பெரிய கட்டமாகக் கோடு போட்டு, நடுவில் கிளீனர் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். "இது அவளுக்கு. அவ வந்து உரிக்கட்டும், நீங்க தொடாதீங்க" என்றேன். எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். "வர்றாளா?" என்றார். "வர்றா" என்றேன். "எப்ப?" என்றார். லீவு தேதியை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பிளேடைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டார். இரண்டு நாளாக அந்த டப்பாவைத் திறக்கவில்லை. இன்றைக்குக் கடைக்குப் போனது உனக்கு ஒரு நல்ல பிளேடு வாங்கத்தான்.

நான் சொன்ன பொய்யை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும், எனக்கு வழி தெரியவில்லை. வர முடிந்தால் வா. வந்தால் கண்ணைப் பற்றி வாய் திறக்காதே, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் சாவியைத் தர மாட்டார். அப்பா, டிரெய்லர் மாட்டி ஓட்ட எனக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேள். கற்றுக்கொள்கிறேன் என்று வருபவர்களுக்கு அவர் சீட்டை விட்டுக் கொடுப்பார், உன் ஊர் போய்ச் சேரும்வரை நாலு நாளும் உன்னைத் திட்டிக்கொண்டே வருவார், வாங்கிக்கொள். வர முடியாது என்றால் அதையும் எழுது, அதற்காக உன்மேல் கோபப்பட மாட்டேன். ஆனால் போனில் மட்டும் சொல்லாதே, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எழுது, நான் எப்படியாவது ஒரு நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், இல்லை சொல்லாமலே இருந்துவிடுகிறேன், அந்தக் கட்டம் கதவிலேயே இருக்கட்டும்.

தெருமுனையில் அவர் வருவது தெரிகிறது, சுவரைத் தொட்டுக்கொண்டே வருகிறார், முடிக்கிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேர் ஆசி எப்போதும் உண்டு, நோய் நொடி அண்டாமல் நெடுநாள் சேர்ந்திருங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே. வருவதானால் ஒன்றை மறக்காதே, நகம் வெட்டாமல் வா. பிளேடு ஆயிரம் வாங்கினாலும் அந்த உறையின் முனையை நகத்தால்தான் கிளப்ப முடியும், அவருக்கு முனை தெரியவில்லை, எனக்கு நகம் தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் வரவுக்கு ஒரு கதவை மிச்சம் வைத்திருக்கும்
அம்மா